குழி எல்லோருக்கும் பொது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 95.2 விழுக்காடு குடும்பங்களுக்கு வீட்டு வளாகத்திலேயே கழிப்பறை இருந்தது. தமிழ்நாட்டில் 48.3. இந்தியா முழுமைக்கும் 46.9. மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குக் கேரளத்தின் கழிப்பறைகளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். பொதுக் கழிப்பறையை நம்பியிருந்த குடும்பங்கள் அங்கே 1.1 விழுக்காடுதான், தமிழ்நாட்டில் 6. மாநிலம் உருவாகி அறுபது ஆண்டுகள் நிறைந்த 2016 நவம்பர் 1 அன்று, ஊரகக் கேரளம் திறந்தவெளி மலங்கழிப்பு அற்றது என்றும் அறிவிக்கப்பட்டது.

அந்த 1.1 விழுக்காட்டை அப்படி எளிதில் தள்ளிவிட முடியாது. மாநிலம் முழுக்கச் சீராகப் பரவிய எண்ணன்று அது. நகரக் காலனிகளிலும் கடற்கரைக் குப்பங்களிலும் கொத்துக்கொத்தாகக் குவிந்திருக்கிறது. அதோடு, வளாகத்துக்குள் கழிப்பறை உண்டா என்பதுதான் அன்று கேட்கப்பட்ட கேள்வி. உண்டு என்றால், அதை எத்தனை குடும்பங்கள் பயன்படுத்துகின்றன என்று அட்டவணைகள் பிரித்துக் காட்டவில்லை. மூன்று சென்ட் மனையில் ஒரு வீடு. மகன்களுக்குத் திருமணமாகி, பக்கவாட்டில் ஓர் அறை, மாடியில் ஓர் அறை என்று மூன்று அடுப்புகள் தனித்தனியாக எரிகின்றன. கழிப்பறை மட்டும் பழைய ஒன்றேதான். கணக்கேட்டில் இந்த மூன்று குடும்பங்களும் ‘உண்டு’ பக்கத்தில் போய்ச் சேரும்.

எல்லோரிடமும் இருக்கும் ஊரில் இல்லாதிருப்பது தனியான ஒரு சுமை. பாதி ஊர் காட்டுக்குப் போகும் இடத்தில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கும். திருவனந்தபுரத்தில் வாளியோடு நடக்கும் பெண்ணை, வீட்டுக்குள் ஓடு பதித்த குளியலறை வைத்திருப்பவர்கள் பார்க்கிறார்கள். கேரளம் இதை வறுமையின் அளவுகோலாகவே ஆக்கி வைத்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆலப்புழை நகரில் ஏழைக் குடும்பங்களை இனங்காண ஒன்பது அடையாளங்கள் வகுக்கப்பட்டன. நல்ல வீடு இல்லாமை, குடிநீர் இல்லாமை, இரண்டு வேளை உணவுக்குத் தட்டுப்பாடு ஆகியவற்றோடு சுகாதாரமான கழிப்பறை இல்லாமையும் அவற்றில் ஒன்று. ஒன்பதில் நான்கு பொருந்தினால் அது ஏழைக் குடும்பம். 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கம் இந்த அளவுகோலிலிருந்து வளர்ந்ததுதான். வருமானத்தைக் கேட்டுப் பொய்யான விடை வாங்குவதைவிட இது எவ்வளவோ நேர்மையான முறை. ஆனால் அதன் பின்விளைவாக, தனிக் கழிப்பறை என்பது குடும்ப மானத்தின் சின்னமாகிவிட்டது. பகிர்ந்துகொள்ளும் கழிப்பறையை எப்படி நன்றாக நடத்துவது என்ற கேள்வியைக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. அது சீக்கிரம் ஒழியவேண்டிய ஒன்று என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

திருவனந்தபுரத்தின் நெருக்கமான குடியிருப்புகள் நகரத்தின் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கின்றன. தம்பானூர் ரயில் நிலையத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் நடக்கும் தூரத்தில் இருக்கிறது செங்கல்சூளை. இன்று அதற்கு ராஜாஜி நகர் என்று பெயர். 1869-இல் திறக்கப்பட்ட செயலகக் கட்டடத்துக்கு அங்கேதான் செங்கல் சுட்டார்கள், சுட்டவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது ஊரில் வழங்கும் வரலாறு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970களில் அங்கே அடுக்கு வீடுகள் கட்டினார். தெற்கே, ஆ. மாதவனின் கதைகள் வழியாகத் தமிழ் வாசகருக்குப் பழகிய சாலைக் கடைத்தெருவுக்குப் பின்புறம், ஒரு குளத்தைச் சுற்றி வளர்ந்தது கரிமடம் காலனி. பேக்கர் வழிவந்த காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு, மத்திய அரசின் நகர்ப்புற ஏழைகளுக்கான வீட்டுத் திட்டத்தில் அங்கே அடுக்குமாடிகள் எழுப்பியது. வீட்டுக்கு ஒரு கழிப்பறை. இவற்றைத் தாண்டிப் போனால் கடல். வலியதுறை, பீமாபள்ளி, பூந்துறை, விழிஞ்ஞம் என்று மீனவர் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன.

இந்தக் கடற்கரைக்கும் நகரத்தின் மலத்துக்கும் நெடுநாள் தொடர்பு. 1933-இல் அருவிக்கரையிலிருந்து குழாய்த் தண்ணீர் நகருக்கு வந்தது. தண்ணீர் வந்தால் கழிவுநீர் வெளியே போயாகவேண்டும். 1930களின் இறுதியில் பாதாளச் சாக்கடை வேலை தொடங்கி, 1945-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அன்றைய இந்தியாவில் மிகச் சில நகரங்களுக்கே அந்த வசதி இருந்தது. குரியாத்தி நீரேற்று நிலையத்திலிருந்து கழிவுநீர் வலியதுறைப் பக்கத்து மணல்வெளிக்குப் போனது. அங்கே அதைப் பாய்ச்சிப் புல் வளர்த்தார்கள்; புல் மாட்டுக்குப் போனது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நகரத்தின் சாக்கடை அந்தப் புல்பண்ணையில்தான் முடிந்தது. நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் ஆலை முட்டத்தறையில் 2013-இல்தான் வந்தது. கோட்டைக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அவற்றைச் சுற்றிய வீடுகளுக்கும் போடப்பட்ட குழாய், தான் போய்ச் சேர்ந்த ஊரின் வீடுகளைத் தொடவில்லை. இன்றும் மாநகரின் பெரும்பகுதி பாதாளச் சாக்கடைக்கு வெளியேதான் இருக்கிறது. ஆலையின் கொள்ளளவு முழுவதற்கும் கழிவுநீர் வந்து சேர்வதுமில்லை.

குழாய் வருவதற்கு முன்பும், வந்த பிறகு அது எட்டாத இடங்களிலும், வாளியும் வண்டியும் ஓடின. கேரள நகராட்சிகளில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட சக்கிலியர். மலையாள எழுத்தாளர் தகழி 1947-இல் ஆலப்புழையை வைத்து எழுதிய ‘தோட்டியின் மகன்’ நாவலில் நாயகனின் பெயர் சுடலைமுத்து என்றிருப்பது தற்செயலன்று. அதைத் தமிழில் மொழிபெயர்த்தவர் சுந்தர ராமசாமி. கேரளத்தின் கழிப்பறைப் பெருமையைப் பாராட்டும் கட்டுரைகளில் இந்தத் தமிழ்த் தொழிலாளர்கள் அநேகமாக வருவதேயில்லை. யார் சுத்தம் செய்வது என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளாத எந்தக் கழிப்பறைத் திட்டமும் பாதியில் நிற்கும் என்பதால் இங்கே அவர்களைச் சொல்கிறேன்.

இனி அன்றாடம். தூய்மை இந்தியா இயக்கத்தின் நகர்ப்புற விதிமுறைகள், குடியிருப்புக்கான சமுதாயக் கழிப்பறையில் 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை என்று கணக்கு வைக்கின்றன. காகிதத்தில் தாராளமாகத் தெரியும். ஒரு பெண்ணுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துப் பாருங்கள். தண்ணீர் பிடிப்பது, உள்ளே போவது, ஊற்றிக் கழுவி வெளியே வருவது எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் என்பதே கஞ்சத்தனமான கணக்கு. 25 பேருக்கு 125 நிமிடம். ஒரு நாள் முழுக்கப் பரவியிருந்தால் தொல்லையில்லை. ஆனால் உடம்பு விதிமுறையைக் கேட்பதில்லை. எல்லோருக்கும் தேவை வருவது விடிகாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில். ஏழு மணிக்கு மேல் பள்ளிக்கூடம், மீன் சந்தை, வீட்டுவேலை, கடைவேலை. ஆக, ஒரு தாழ்ப்பாள் உடைந்தால், ஒரு கோப்பை அடைத்துக்கொண்டால், வரிசையின் பாதிப்பேர் அன்று அடக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். சராசரிக்குப் போதுமான இருக்கைகள் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் போதா.

இந்த நெருக்கடி எல்லோர் மீதும் ஒரேபோல் விழுவதில்லை. ஆண்களுக்கு வேலையிடம் உண்டு, பேருந்து நிலையம் உண்டு, சுவரும் உண்டு. பெண்கள் மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், இரவு உணவைச் சுருக்குகிறார்கள், இன்னொருத்தியை எழுப்பித் துணைக்குக் கூட்டிப்போகிறார்கள். இந்தியாவின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கும் செய்தி இது. மாதவிலக்கு நாட்களில் ஐந்து நிமிடம் பத்தாகும். வெளியே நிற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். சின்னக் குழந்தைகள் பெரியவர்களுக்கான கோப்பையைக் கண்டு பயந்து வாய்க்கால் ஓரத்தில் உட்காருகிறார்கள். முதியவர்களுக்குக் கைப்பிடி கிடையாது. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு எந்த விதிமுறையிலும் இருக்கை இல்லை.

பகிர்தல் எங்கும் தோற்றுவிடுவதாகச் சொல்ல முடியாது. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் நான்கைந்து குடும்பங்கள், பூட்டுப் போட்ட ஒரு கழிப்பறை, வீட்டுக்கொரு சாவி என்றால் பெரும்பாலும் ஓடிவிடும். சண்டை வரும், யார் கழுவாமல் போனார்கள் என்பது தெரியும் என்பதால்தான் சண்டை வருகிறது. நாற்பது குடும்பங்களுக்கு ஒரே கட்டடம் என்று ஆகும்போது அந்தச் சண்டைக்குக்கூட வழியில்லை. அப்போது கூலி கொடுத்து வைத்த ஓர் ஆள் வேண்டும், அந்தக் கூலிக்கு ஒரு வரவு வேண்டும், அந்த வரவைக் கேட்டு வாங்க அதே தெருவில் யாருக்காவது அதிகாரம் வேண்டும். திருச்சிராப்பள்ளியில் கிராமாலயா அமைப்பின் துணையோடு குடிசைப்பகுதிப் பெண்கள் குழுக்கள் இதைத்தான் செய்தன. மாநகராட்சியின் பாழடைந்த கழிப்பறைகளை எடுத்துக்கொண்டு, வாசலில் ஆள் உட்கார்ந்து காசு வாங்கி, அதிலிருந்து துப்புரவாளருக்குக் கூலியும் மின்கட்டணமும் கொடுத்தார்கள். 2002-இல் அங்கே கல்மந்தை, திறந்தவெளி மலங்கழிப்பு இல்லாத குடிசைப்பகுதியாக அறிவிக்கப்பட்டது. புனேயில் 1999 முதல் ஸ்பார்க் அமைப்பும் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் மாநகராட்சியோடு சேர்ந்து கட்டிய கழிப்பறைகளில் ஆண், பெண் வரிசைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளாமல் பிரிக்கப்பட்டன, குழந்தைகளுக்குத் தாழ்ந்த இருக்கைகள் வந்தன, பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க மாடியில் ஓர் அறை வந்தது. அந்த மாடி அறைதான் முழுத் திட்டத்தின் மூளை என்பேன். வாசலில் ஒரு குடும்பம் வாழ்கிறது என்றால் விளக்கும் எரியும்.

கேரளத்தில் இதற்கு ஆள்பலம் தயாராக இருந்தது. தெருவுக்குத் தெரு குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் என்னும் பெண்கள் குழுக்கள். சாலையோரப் பயணிகளுக்காக 2020க்குப் பிறகு கட்டப்பட்ட கழிப்பறைகள் பலவற்றை அவர்களே நடத்தவும் செய்கிறார்கள். அந்தத் திறமை பயணிக்குப் போன அளவு காலனிக்குப் போகவில்லை.

மாறாக, திருவனந்தபுரம் வேறொரு கனவைக் கண்டது. இந்த நகரத்தில் பிறந்த ஒரு நிறுவனம் மின்னணுக் கழிப்பறையை உருவாக்கியது: நாணயம் போட்டால் கதவு திறக்கும், உள்ளே போனால் விளக்கு எரியும், வெளியே வந்தால் தானே கழுவிக்கொள்ளும். கேட்ஸ் அறக்கட்டளை அதன் ஆராய்ச்சிக்கு நிதி தந்தது. சென்னை மாநகராட்சியும் வாங்கி நிறுத்தியது. 2013-இல் பெண்களுக்கென்று ஒரு வடிவமும் வந்தது. சில ஆண்டுகளில் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் பல பெட்டிகள் நாணயத்தை விழுங்கிவிட்டுத் திறக்காமல் நின்றன. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தது, உதிரிப் பாகம் வரவில்லை, தண்ணீர் இணைப்பு அறுந்தது என்று காரணங்கள் சாதாரணமானவை. தோட்டி இல்லாத கழிப்பறை என்ற ஆசை எனக்குப் புரிகிறது, அதன் பின்னால் ஒரு நல்ல வெட்கமும் இருக்கிறது. ஆனால் துப்புரவாளரின் கூலியையும் மரியாதையையும் உயர்த்தவேண்டிய இடத்தில் அவரையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வலியதுறையில் நடந்தது இன்னும் கடினமான கதை. கடலரிப்பில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள், பழைய துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளிலும் பள்ளிக்கூடங்களிலும் தங்கவைக்கப்பட்டன. சில நாட்களுக்கு என்று வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். துணியும் பலகையும் கொண்டு மறைத்த தடுப்புக்குள் குடும்பம் நடத்தி, விரல்விட்டு எண்ணக்கூடிய கழிப்பறைகளுக்குக் கிடங்கே வரிசையில் நின்றது. இவர்களில் பலருக்கு இடிந்துபோன வீட்டில் சொந்தக் கழிப்பறை இருந்தது. கடல் எடுத்துக்கொண்டவற்றில் அதுவும் ஒன்று. சொந்தக் கதவை ஒருமுறை கண்டவர் மறுபடி வரிசைக்கு வந்து நிற்பதைக் காட்டும் கட்டம் எந்த அட்டவணையிலும் இல்லை. 2022-இல் விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானத்துக்கு எதிராக மீனவர்கள் போராடியபோது, முன்வைத்த ஏழு கோரிக்கைகளில் இந்த முகாம்வாசிகளின் மறுவாழ்வும் இருந்தது. அரசு மாதம் 5,500 ரூபாய் வாடகைப் பணம் தர முன்வந்தது. முட்டத்தறையில் 2018-இல் 192 வீடுகள் ஏற்கெனவே கட்டித் தரப்பட்டிருந்தன. அடுத்து 332 வீடுகள் அங்கேயே எழுந்தன. நகரத்தின் சாக்கடை போய்ச் சேரும் அதே முட்டத்தறை.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து வைத்திருக்கும் சுகாதார ஏணியில், இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டாலே கழிப்பறை ஒரு படி கீழே இறங்கிவிடும், அது எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும். தனிக் கழிப்பறையை விடப் பகிரும் கழிப்பறையோடு நோய் கூடுதலாகச் சேர்ந்தே காணப்படுகிறது என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. ஆனால் பகிர்வோர் பெரும்பாலும் ஏழைகள். நெருக்கத்திலும் கெட்ட தண்ணீரிலும் வாழ்பவர்கள். நோய்க்குக் காரணம் வரிசையா, வாழிடமா என்று பிரித்தெடுப்பது எளிதன்று. மொசாம்பிக்கின் தலைநகர் மாபுட்டோவில், பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட மோசமான கழிப்பறைகளை எடுத்துவிட்டு செப்டிக் டேங்குடன் நல்ல கழிப்பறைகள் கட்டிக்கொடுத்து, குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. குடல் தொற்றிலும் வயிற்றுப்போக்கிலும் ஒட்டுமொத்தமாகப் பெரிய மாற்றம் தெரியவில்லை. புதிய கழிப்பறை வந்த பிறகு பிறந்த குழந்தைகளிடம் மட்டும் சில தொற்றுகள் குறைந்திருந்தன. கழிப்பறை மாறிய வளாகத்துக்கு வெளியே தெரு மாறவில்லை, வாய்க்கால் மாறவில்லை, மண் மாறவில்லை.

திருவனந்தபுரத்தின் கடற்கரையில் இதைச் சென்ட் கணக்கில் பார்க்கலாம். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 6.4 மீட்டருக்கும் குறைவு. கேரளக் கட்டட விதிகள் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் நடுவே 7.5 மீட்டர் வேண்டும் என்கின்றன. ஒரு சென்ட்டில் அந்த இடைவெளியை மூலைவிட்டமாக வேண்டுமானால் கோடு கிழித்துக் காட்டலாம், ஆனால் அதில் வீடு இருக்காது. உங்கள் குழி உங்கள் கிணற்றிலிருந்து தள்ளியிருந்தால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். 2011-இல் கேரளத்தின் 62 விழுக்காடு குடும்பங்களுக்குக் கிணறுதான் முதன்மையான நீராதாரம். கடற்கரை மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர். மழைக்காலத்தில் குழியே தண்ணீருக்குள் நிற்கும். இதற்குமேல் தனிக் கழிப்பறை என்று எதைச் சொல்வது? கதவு தனி, கோப்பை தனி, மானியம் தனி. தரைக்குக் கீழே பத்து வீடுகள் ஒரே கழிப்பறையைத்தான் பயன்படுத்துகின்றன, அதன் நீரையும் குடிக்கின்றன. வள்ளக்கடவிலிருந்து வடக்கே போகும் பார்வதி புத்தனாறு பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகுகளுக்காக வெட்டிய கால்வாய். அதன் கரை வீடுகளில் பலவற்றின் கழிப்பறைக் குழாய் நேராகக் கால்வாயில் திறந்தது. அதிகாரிகள் அறிவிப்பு அனுப்பி அடைக்கவேண்டியதாயிற்று. அந்த வீடுகளும் கணக்கெடுப்பில் வளாகத்துக்குள் கழிப்பறை உள்ளவைதான்.

ஆகவே பகிர்வை ஒழிப்பதென்பது இந்த அடர்த்தியில் நடக்காது. மேலே பகிர்வதா கீழே பகிர்வதா என்பதுதான் தெரிவு. மேலே பகிர்ந்தால் அவமானமும் வரிசையும் கண்ணுக்குத் தெரியும், சண்டை போடவாவது முடியும். கீழே பகிர்ந்தால் குழந்தையின் வயிற்றில்தான் தெரியவரும். வீட்டுக்குள் தனித்தனிக் கழிப்பறையும் தரைக்கடியில் பத்து வீட்டுக்கு ஒரு நல்ல தொட்டியும், அதிலிருந்து முட்டத்தறைக்கு ஒரு குழாயும் என்பது பொறியியலில் பெரிய சவாலன்று. பொறுப்பு யாருடையது என்பதில்தான் சிக்கல். கழிப்பறை வீட்டுக்காரருடையது, தெருக்குழாய் நீர் ஆணையத்தினுடையது, கழிவு லாரிக்கு உரிமம் தருவது மாநகராட்சி. நடுவில் இருக்கும் பத்து வீட்டுத் தொட்டி யாருடைய பதிவேட்டிலும் ஏறாது.

சிறிய சுத்திகரிப்பு நிலையங்களை அங்கங்கே கட்டலாமே என்றால், அதையும் கேரளம் முயன்று பார்த்தது. 2022-இல் கோழிக்கோட்டின் ஆவிக்கல் தோட்டில், நெருக்கமான கடற்கரைக் குடியிருப்பின் நடுவே நிலையம் அமைக்கப் போனபோது மக்கள் கூட்டமாகத் திரண்டு தடுத்தார்கள். படித்தவர்கள் பலரும் அதை அறியாமை என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கழிவுநீர் சரிவைத் தேடிப் பள்ளத்துக்கு வரும். பள்ளமான நிலத்தில்தான் ஏழைகளுக்கு இடம் கிடைக்கும். ஊரின் கழிவு தம்மிடம் வருவதை முட்டத்தறையும் வலியதுறையும் எழுபது ஆண்டுகளாகப் பார்த்திருக்கின்றன. தம் வீட்டுக் குழியைக் காலிசெய்ய எவரும் வந்ததில்லை என்பதையும் அதே கடற்கரை அறியும்.

மகாராஷ்டிரத்தின் வாய் நகரத்தில் 2018 முதல் வீட்டுக்காரர் கூப்பிடும்வரை லாரி காத்திருப்பதில்லை. எல்லா வீட்டு செப்டிக் டேங்குகளையும் நகராட்சியே மூன்றாண்டுச் சுழற்சியில் காலிசெய்கிறது. செலவு வரியோடு சேர்ந்துவிடுகிறது. திருவனந்தபுரத்தில் லாரியை இணையத்தில் பதிவு செய்து வரவழைக்கும் ஏற்பாடு உண்டு, கழிவு முட்டத்தறைக்குப் போகவும் வழி உண்டு. ஆனால் கூப்பிடுபவர் பணம் கட்டவேண்டும், வண்டி வாசல்வரை வரவேண்டும். பூந்துறையின் சந்துகளில் பெரிய லாரி நுழையாது. சிறிய வண்டியும் நீளமான குழாயும், ஒவ்வொரு குழிக்கும் ஓர் எண்ணும், எது எப்போது காலிசெய்யப்பட்டது என்ற ஒரு பதிவேடும் வேண்டும். தனிக் கழிப்பறைக்குக் கொடுக்கும் மானியத்தில் இவை எதற்கும் இடமில்லை.